ஆச்சியைக் கேட்டுப் பார்த்தோமா?

கடந்த தவக்காலத்தில் எமது பகுதியிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு கடதாசிக் கட்டு அலுவலக லாச்சிக்குள் வைத்துப் பூட்டப்பட்டது. பத்திரிகையில் வரக்கூடிய செய்தியல்ல. ஆயினும் கிராம அபிவிருத்தி பற்றிப் பேசும் எம்மைப் போன்றோர் நின்று யோசிக்க வேண்டிய விடயமொன்று அந்த லாச்சிக்குள் கிடக்கிறது என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அந்த இல்லத்தின் கிழக்கு விறாந்தையில் பிற்பகல் மூன்று மணியளவில், வெயில் கட்டடத்தின் மறுபக்கம் போனதும், நான்கு பேர் கூடுவார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்ரர். அவருக்கு எதிரே கூட்டாளியாக அமர்பவர் முப்பது வருடம் லொறி ஓட்டியவர். மூன்றாமவர் கடற்றொழில் செய்த ஓர் அப்பு. நான்காவது கை ஓர் ஆச்சி. புருஷன் வீட்டில் ஆண்கள் கூடி விளையாடும்போது தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவடியில் நின்று பார்த்தே விளையாட்டைப் பழகியவர். கடதாசியை முதன்முதலாகக் கையில் பிடித்தது எழுபத்தெட்டாவது வயதில், இந்த இல்லத்துக்கு வந்த பிறகுதான்.

அவர்கள் ஆடுவது 304. கலியாணத்துக்கு முதல்நாள் இரவிலும் செத்தவீட்டு இரவிலும் எமது ஊர்களில் விடிய விடிய ஆடப்படும் அதே விளையாட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76. நான்கு வகையும் சேர்ந்தால் 304. முதல் நான்கு கடதாசியைப் பார்த்துவிட்டு 160 இலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும். கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். எதிரில் இருக்கும் கூட்டாளியின் முகத்தைப் பார்த்து அவர் கையில் இருப்பதை ஊகிக்க வேண்டும். மாஸ்ரருக்கு இப்போது பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மாறிப்போகின்றன. காலையில் குளிசை போட்டாரா என்பது நினைவில் நிற்பதில்லை. ஆனால் துரும்பில் எத்தனை இறங்கிவிட்டது, எவரிடம் ஒன்பது இருக்கிறது என்பதில் அவர் பிழை விட்டதை நான் கண்டதில்லை. பந்தயம் புளியங்கொட்டை.

ஒருநாள் உணவு கொடுக்க வந்திருந்த கொடையாளி ஒருவர் இதைக் கண்டார். தவக்காலத்தில், அதுவும் திருச்சபையின் இல்லத்தில், சூதாட்டமா என்று கேட்டார். அவர் கெட்டவரல்லர். வருடத்துக்கு நான்கு தரம் முழு இல்லத்துக்கும் சாப்பாடு கொடுப்பவர். அவருடைய மனம் நோகக்கூடாது என்று கட்டு லாச்சிக்குப் போயிற்று. பின்வந்த நான்கு கிழமையும் மாஸ்ரர் பிற்பகலில் கட்டிலை விட்டு எழவில்லை. லொறி அப்பு படலையடிக் கதிரையில் போய் இருந்துகொண்டு வீதியில் போகிற வாகனங்களைப் பார்த்தார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் பொறுப்பான சிஸ்ரர் தாமாகவே லாச்சியைத் திறந்து கட்டை எடுத்துக் கொடுத்தார். இதில் எனக்கு உறுத்துவது தடை அல்ல. கட்டைப் பூட்டி வைக்கும்போதும் திரும்பக் கொடுக்கும்போதும் அந்த நால்வரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாங்கள் ஊர்களில் என்ன செய்கிறோம்? ஒரு குழாய்க்கிணறு தோண்டுவதென்றாலும் கூட்டம் வைக்கிறோம். நிலத்தில் கோலம் போட்டு ஊரின் வரைபடத்தை மக்களைக் கொண்டே கீறச் செய்கிறோம். எந்தப் பக்கம் கிணறு வேண்டும் என்று பெண்களைத் தனியாக இருத்திக் கேட்கிறோம். ‘பங்கேற்பு’ என்ற சொல் இல்லாத திட்ட அறிக்கை ஒன்றை நான் பார்த்துப் பல வருடங்களாகின்றன. இவ்வளவு பழகிய நாங்கள், அதே பெண்கள் எழுபத்தைந்து வயதாகி எமது இல்லத்துக்குள் வந்தவுடன், தேநீருக்குச் சீனி எவ்வளவு என்றுகூடக் கேட்பதில்லை. வாளியில் ஒரே அளவாகக் கலந்து வருகிறது. சீனி வருத்தம் உள்ளவருக்குத் தனியாக ஒரு போத்தல். முடிந்தது.

இதைச் சொல்லும்போது இல்லங்களை நடத்துவோரைக் குறைகூறுகிறேன் என்று எவரும் நினைக்கக்கூடாது. முப்பத்துநான்கு முதியவர்கள், மூன்று சிஸ்ரர்மார், சம்பளத்துக்கு இருவர். இரவில் மலசலகூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்கள் மட்டுமே ஒன்பது பேர். அவர்களுடைய துணி துவைக்கும் கல்லடியில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்கள், ஒழுங்கு விதிகள் ஏன் வந்தன என்று கேட்கமாட்டார்கள். ஒரே நேரத்தில் எழும்பி, ஒரே நேரத்தில் உண்டு, ஒரே நேரத்தில் விளக்கணைத்தால்தான் வேலை ஓடும். எனது கேள்வி வேறு. வேலை ஓடுவதற்குத் தேவையான விதி எது, வெறுமனே பழக்கத்தால் வந்த விதி எது என்று பிரித்துப் பார்த்திருக்கிறோமா?

வேறோர் இல்லத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அங்கே சேர்கின்ற பெண்களுக்கு முதல்நாளே தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிடுவார்கள். பேன், ஈர், குளிப்பாட்டும் வசதி எல்லாம் காரணம். காரணங்கள் உண்மையானவையே. ஆனால் அறுபது வருடமாக விடிய எழும்பி, நல்லெண்ணெய் வைத்து, வாரிக் கொண்டை முடிந்த ஒரு பெண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும்? அந்த அம்மா என்னுடன் பேசும்போதெல்லாம் கை தானாகப் பிடரிக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. தலையை மூடச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டே இருந்தார். சாப்பாடு குறையில்லை, சிஸ்ரர்மார் தங்கமானவர்கள் என்றே சொன்னார். பிள்ளைகள் மூவரில் இருவரை யுத்தம் கொண்டுபோய்விட்டது. அவ்வளவையும் தாங்கியவர் கொண்டைக்காகவா அழப்போகிறார் என்று நாம் நினைக்கலாம். அவர் அழுதது கொண்டைக்காகத்தான்.

மாற்று இல்லாமலில்லை. கிழமைக்கு ஒருநாள் மாலை ஒரு மணித்தியாலம் மாதர் சங்கத்திலிருந்து நான்கு பெண்கள் போனால் அத்தனை தலைக்கும் எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, வாரி முடியலாம். பேன் பார்ப்பது எமது பெண்களுக்கு வெறும் சுத்தம் மட்டுமா? ஒருவரின் மடியில் தலை வைத்துப் பாதி நித்திரையும் பாதிக் கதையுமாக இருப்பது. ஊரில் எத்தனை கலியாணம் அப்படிப் பேசி முடிந்திருக்கிறது.

தொலைபேசி விடயமும் இப்படித்தான். 2020 இல் கொரோனாக் காலத்தில் படலைகள் மாதக்கணக்காகச் சாத்தப்பட்டன. வருத்தம் உள்ளே வந்தால் முதலில் போவது முதியவர்களே என்பதால் அது சரியான முடிவு. அப்போதுதான் பல இல்லங்களுக்குக் காணொளியில் பேசக்கூடிய தொலைபேசிகள் வந்தன. நல்ல காரியம். அதன் பின்பு நான் அறிந்த ஓர் இல்லத்தில் மாலை நான்கிலிருந்து ஐந்துவரை மட்டுமே பேசலாம் என்று விதி வந்தது. வேலை குறைந்த நேரம் என்பதால் அப்படி வைத்தார்கள். ஆனால் எங்களுக்கு மாலை நான்கு மணியென்றால், கோடைகாலத்தில் ரொறொன்ரோவில் விடியற்காலை ஆறரை. பிள்ளைகள் ஒரு கையில் தேநீரும் மறுகையில் கார்த் திறப்புமாக ஓடுகிற நேரம். லண்டனில் முற்பகல் பதினொன்றரை, எல்லோரும் வேலையில். ரொறொன்ரோவில் மகன் வேலை முடிந்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருக்கின்ற இரவு ஒன்பது மணி எங்கள் காலை ஆறரை. அது இல்லத்தில் திருப்பலி நேரம். ஆகவே, “பிள்ளைகள் எடுப்பதில்லை” என்று அங்குள்ளவர்கள் சொல்லும்போது, முழுப் பழியையும் பிள்ளைகளில் போட நான் தயங்குகிறேன். தாய்மாரைக் கேட்டிருந்தால் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வேலையால் வருவான் என்று மணிக்கணக்காகச் சொல்லியிருப்பார்கள்.

இனி, சாப்பாடு கொடுப்பது பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டிலுள்ள எம்மவர்கள் தமது பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் பெற்றோரின் நினைவுநாளுக்கும் இங்குள்ள இல்லங்களில் மதியச் சாப்பாடு கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இந்தக் காசு இல்லாவிட்டால் சில இல்லங்கள் மூடப்பட்டுவிடும். நன்றியோடுதான் சொல்கிறேன். ஒரே கிழமையில் மூன்று பிறந்தநாள் வந்துவிட்டால் மூன்று நாளும் கோழிக்கறி, பாயாசம், கேக். அடுத்த கிழமை முழுவதும் பருப்பும் சம்பலும். கேக்கை வெட்டுமுன் எல்லோரும் வரிசையாக நின்று, முன்பின் அறியாத ஒரு குழந்தையின் படத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துப் பாட வேண்டும். அதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களும் பாட வேண்டும். மாஸ்ரர் ஒருமுறை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, இந்த வரியம் நான் நாற்பத்தொரு பிள்ளையளுக்கு ஹப்பி பேர்த்டே பாடிப்போட்டன். என்ரை பிறந்தநாள் இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது.”

அதே பணத்தில் ஒரு பங்கை எடுத்து என்னென்ன செய்யலாம் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒரு தினசரிப் பத்திரிகை. காலையில் அது வந்தவுடன் மாஸ்ரர் முதலில் விரிப்பது மரண அறிவித்தல் பக்கத்தை. உரத்து வாசிப்பார். இன்னாருடைய மச்சாள், இன்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள் என்று ஒவ்வொன்றுக்கும் எவராவது உறவு கண்டுபிடிப்பார்கள். கடைசியில் லொறி அப்பு வழக்கமாகச் சொல்லும் வசனம்: “எங்கடை பேர் இல்லை. அப்ப ரீயைக் குடிப்பம்.” வெற்றிலை பாக்கு, பல்லில்லாதவர்களுக்கு இடித்துக் கொடுக்க ஒரு சின்ன உரல். காதுகேளாதவருக்கு, தூங்குபவரை எழுப்பாமல் இலங்கை வானொலியைக் கேட்க ஒரு காதுக் கருவி. ஆடிமாதத்தில் ஒருநாள் ஒடியல் கூழ். கூழை வாங்கிக் கொடுப்பதில் பிரயோசனமில்லை. நண்டும் இறாலும் பயித்தங்காயும் ஒடியல் மாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். புளி கூடியதா குறைந்ததா என்று அங்கே வரும் சண்டையில்தான் பாதி உருசி.

வெற்றிலை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே பின்னேரங்களில் ஒரே வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி இருக்கும் இரு ஆச்சிமார் ஒரே ஊரவர்கள். இளவயதில் ஒருவருடைய வீட்டுக் கிணற்றில் மற்றவர் தண்ணீர் அள்ள முடியாது. ஏன் என்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சாதி பற்றி நாம் நடத்திய கருத்தரங்குகளில் அவர்கள் ஒன்றுக்கும் வந்தவர்களல்லர். ஒருவருக்குப் பாக்கு வெட்டக் கையில் பெலன் உண்டு, மற்றவருக்குக் கண் உண்டு. அப்படித் தொடங்கியது. முதல் வருடம் தனித்தனித் தட்டம் வைத்திருந்தார்கள் என்று சிஸ்ரர் சொன்னார். எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சாப்பாட்டு மேசையில் இன்னமும் சிலர் இடம் பார்த்துத்தான் இருக்கிறார்கள்.

நம்மைப் போன்ற அபிவிருத்திக்காரருக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. எதைக் கண்டாலும் திட்டமாக்கிவிடுவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் அந்த இல்லத்துப் பெண்களுக்குப் பனையோலைப் பன்னவேலை கொண்டுவந்தது. வாராந்தம் இத்தனை பெட்டி, விற்பனைக்கு இன்ன கடை, வருமானம் இல்லத்துக்கு என்று எல்லாம் எழுத்தில். மூன்று மாதத்தில் நின்றுவிட்டது. முதியவர்களிடம் ஊக்கமில்லை என்று அறிக்கை எழுதினார்கள். ஆனால் அந்த ஆச்சிமாரில் ஒருவர், வருகின்ற சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கென்று விரலளவு பனங்கட்டிக் குட்டான்கள் இழைத்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். எவரும் கேட்காமலே இழைப்பார். கணக்குப் புத்தகத்தில் ஏற்றியவுடன் அவருக்குக் கை ஓடவில்லை. உழைத்து முடித்த ஒருவருக்கு உழைக்காமல் இருக்கவும், பிரயோசனமில்லாத ஒன்றைச் செய்யவும் உரிமை உண்டு என்பதை நாம் ஏற்றுக்கொள்ளக் கஷ்டப்படுகிறோம்.

சட்டம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தேசிய முதியோர் சபை அமைந்தது. பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். இதை அறியாத முதியவர்கள் எமது கிராமங்களில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது எமது கடமை. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்நாட்டில் 60 வயதானோர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவாகவே இருந்தனர். 2012 இல் அது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வடக்கில் இளையோர் வெளியேறிய கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். இல்லங்கள் கூடத்தான் போகின்றன. சட்டத்தால் ஒரு தாய்க்கு மாதப்பணம் வாங்கிக் கொடுக்க முடியும். அவருக்குத் தேநீரில் சீனி எவ்வளவு என்று கேட்க வேண்டியவர்கள் பக்கத்தில் இருக்கிற நாங்கள்தான்.

எரிகோ வீதியோரத்தில் இருந்த பர்த்திமேயுவின் கதையை நாம் எத்தனை முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். பார்வையற்ற ஒருவருக்கு என்ன வேண்டும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் இயேசு அவரிடமே கேட்டார். தெரிந்துகொண்டும் கேட்டார். 1839 இல் பிரான்சில் பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தமது வீட்டுக்குக் கொண்டுவந்து, தமது கட்டிலையே கொடுத்த ஜான் ஜுகான் அம்மையாரை 2009 இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. அவருடைய சபைச் சகோதரிகள் கொழும்பிலும் இல்லம் நடத்துகிறார்கள். முதலில் கொடுக்கப்பட்டது ஒரு இல்லமோ விதிக்கொத்தோ அல்ல, ஒருவருடைய சொந்தக் கட்டில் என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எமது இல்லத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து, எரிவாயுவும் பால்மாவும் வரிசையில் நின்றாலும் கிடைக்காத மாதங்களில், சிஸ்ரர் எல்லோரையும் மண்டபத்துக்கு அழைத்தார். கையிருப்பு இவ்வளவு, எதை விடுவோம், நீங்களே சொல்லுங்கள் என்றார். முதலில் எவரும் வாய் திறக்கவில்லை. கேள்வி தங்களுக்குத்தான் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. பிறகு தொடங்கிய விவாதம் செபமாலை நேரத்தையும் விழுங்கிவிட்டது. பால் தேநீரை விடுவோம், வெறுந்தேநீரும் ஒரு கடி பனங்கட்டியும் போதும். முட்டை கிழமைக்கு ஒன்று. பத்திரிகையையும் வெற்றிலையையும் நிறுத்தக்கூடாது. இதுதான் முடிவு. “நான் எழுதி வைச்சிருந்த பட்டியலிலை முதல் நிப்பாட்ட இருந்ததே அந்த இரண்டும்தான்” என்று சிஸ்ரர் பின்னர் என்னிடம் சொன்னார். அந்த ஒரு வருடத்தில் சாப்பாடு பற்றி ஒரு முறைப்பாடும் வரவில்லையாம். நிலைமை சீரானதும் கூட்டமும் நின்றுவிட்டது. ஏன் நிற்க வேண்டும்? மாதத்துக்கு ஒருமுறை அந்த மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போடுவதற்கு எந்த வெளிநாட்டு உதவியும் தேவையில்லை. மாதர் சங்கங்களும் இளைஞர் ஒன்றியங்களும் அதில் ஓரமாக இருந்து கேட்டுக்கொண்டு, சொல்வதைச் செய்தால் போதும். வருடத் திட்டங்களை எழுதப் போகும் பங்குச் சபைகளிடம் நான் முன்வைப்பது இந்த ஒரு கோரிக்கையை மட்டுமே.

லொறி அப்பு சென்ற மாதம் காலமானார். மரண அறிவித்தலை மாஸ்ரரே வாசித்தார். அவருடைய இடத்துக்கு இப்போது எமது இளைஞர் ஒன்றியத்திலிருந்து ஒரு பெடியன் சனிக்கிழமைகளில் போகிறான். அவனுக்கு இன்னமும் துரும்பு எண்ணத் தெரியாது. மாஸ்ரர் அவனைக் கண்டபாட்டுக்கு ஏசுகிறார், ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். கிழமை நாட்களில்தான் ஒரு கை குறைகிறது. 304 தெரிந்தவர்கள் எவராவது இருந்தால் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு போகலாம். புளியங்கொட்டை அங்கேயே இருக்கிறது.